மூடிய நீளத்திலிருந்து தொடங்க வேண்டும்: மலை ஜீப்புக்கு ஷாக் அப்சார்பர் தேர்வு

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் பக்கம் ஓடும் பழைய ஜீப்புகள் பலவற்றின் அடியில் குனிந்து பார்த்தால், பின்பக்க ஷாக் அப்சார்பரைத் தாங்கும் மேல் பிராக்கெட் ஒருமுறையாவது வெல்டிங் கண்டிருப்பது தெரியும். காரணம் கேட்டால் எல்லோரும் ரோட்டைத்தான் கைகாட்டுவார்கள். தோட்டத்துப் பாதைகளில் ரோட்டுக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் என் ஜீப்பில் அதே பிராக்கெட் இரண்டு முறை பிய்ந்து வந்ததற்குக் காரணம் குழியோ கல்லோ இல்லை என்பதும், நானே பணம் கொடுத்து வாங்கி மாட்டிய, நீளம் பொருந்தாத ஷாக்தான் என்பதும் மூன்றாவது வெல்டிங்குக்கு முன்புதான் எனக்கு விளங்கியது. அந்த அளவுக் கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. எடையைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங்கோ சுருள் ஸ்பிரிங்கோ, முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பியோதான். ஒரு கல்லில் ஏறி இறங்கிய ஸ்பிரிங் தன் போக்கில் விட்டால் பலமுறை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை, எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகப் பிதுக்கி, வெப்பமாக மாற்றி அடக்குவது ஷாக்கின் வேலை. ஆக்சில் மேலே வரும்போது அதை நிறுத்த சேஸிஸில் ரப்பர் பம்ப் ஸ்டாப் இருக்கிறது. கீழே தொங்கும்போது பட்டையின் வளைவும், பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸுடன் இணைத்து முன்னும் பின்னும் ஆடும் ஷேக்கிளும் ஓர் எல்லைக்கு மேல் இறங்க விடுவதில்லை. சுருள் ஸ்பிரிங் வைத்த சில வண்டிகளில் கீழ் எல்லையை மட்டும் ஷாக்கே தாங்கும்படி கம்பெனியிலேயே அமைத்திருப்பார்கள். மேல் எல்லையை மட்டும் எந்த வண்டியிலும் ஷாக்கின் உடலிடம் ஒப்படைக்கக் கூடாது. உள்ளே பிஸ்டன் அடித்தட்டில் மோதினால், அந்த அடி முழுவதும் ஷாக்கின் இரு முனைகளிலும் போல்ட் நுழையும் வளையங்களான இரண்டு சிறு கண்களின் வழியே சேஸிஸுக்குப் போகும். பிராக்கெட் பிய்வது, தண்டு வளைவது, கண்ணின் வெல்டிங் விடுவது எல்லாம் அப்போதுதான் நடக்கிறது. மறுபக்கம், ஆக்சில் தொங்கும் அளவுக்கு ஷாக் நீளாவிட்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஆக்சிலின் எடை தண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். முதலில் சீல் போகும், பிறகு எண்ணெய் கசியும்.

ஆகவே ஒரு ஷாக்குக்கு இரண்டு நீளங்கள் முக்கியம். முழுதாக அமுக்கியபோது கண்ணின் மையத்திலிருந்து கண்ணின் மையம் வரை உள்ளது மூடிய நீளம், முழுதாக இழுத்தபோது உள்ளது திறந்த நீளம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அதன் ஓட்டம். கடையில் பெரும்பாலும் திறந்த நீளத்தை வைத்துத்தான் பேச்சு நடக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த காஸ் ஷாக் தானாகவே நீண்டு நிற்பதால் கண்ணுக்குத் தெரிவதும் அந்த நீளம்தான். கைக்கு அமுங்காத மூடிய நீளத்தை யாரும் கேட்பதில்லை. பிராக்கெட்டை உடைப்பது இந்தக் கேட்கப்படாத நீளம்தான்.

இதனுடன் சேர்ந்து வரும் இன்னொரு குழப்பம் "இரண்டு இஞ்ச் லிஃப்டுக்கு ஷாக் கொடுங்கள்" என்ற கேள்வி. வண்டியை உயர்த்தும் வழிகள் பல இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஷாக்கிடம் வெவ்வேறு நீளத்தைக் கேட்கிறது. சேஸிஸுக்கும் பாடிக்கும் இடையே கட்டை வைத்து உயர்த்தினால் ஷாக்கின் இரு முனைகளும் இருந்த இடத்திலேயே இருப்பதால் பழைய நீளமே போதும். ஷேக்கிளை 50 மி.மீ. நீளமாக்கினால் ஆக்சில் இருக்கும் நடுப்பகுதி ஏறத்தாழ அதில் பாதி, அதாவது 25 மி.மீ. தான் உயரும். பட்டையைப் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றினால் ஏற்றிய உயரம் அப்படியே ஆக்சிலுக்குக் கிடைக்கும். இந்த மூன்று வழியிலும் ஒன்று மட்டும் மாறாது: பம்ப் ஸ்டாப்பை நாம் மாற்றாதவரை, ஆக்சில் மேலே வந்து நிற்கும் கடைசிப் புள்ளி வண்டி உயர்வதற்கு முன்பு எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கும். உயர்த்திய வண்டிக்குத் திறந்த நீளம் கூட வேண்டியிருக்கலாம். மூடிய நீளம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட இடமில்லை. உயர்ந்து நிற்கும் வண்டியைப் பார்க்கும் கண்ணுக்கு எல்லாமே நீளமாக வேண்டும் என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

அளவெடுக்க முதலில் சமதளம் வேண்டும். மேல்மலையில் அது அத்தனை சுலபமாகக் கிடைக்கும் பொருள் இல்லை, பேருந்து திரும்பும் இடத்தை விட்டால் பள்ளிக்கூட மைதானம்தான். வண்டி காலியாக, டயரில் சரியான காற்றுடன் நிற்கும்போது, மேல் போல்ட்டின் மையத்திலிருந்து கீழ் போல்ட்டின் மையம் வரை டேப் வைத்து எடுப்பது நிற்கும் அளவு. அடுத்து, பம்ப் ஸ்டாப்பின் நுனிக்கும் அது மோதும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை எடுக்க வேண்டும். பிறகு ஷாக்கைக் கழற்றிவிட்டு, சேஸிஸை ஜாக்கியால் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் இறக்கி, சக்கரங்கள் தரையை விட்டு முழுதாகத் தொங்கும் நிலையில் அதே இரு மையங்களுக்கு இடையே தொங்கும் அளவை எடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை விடக் கூடாது, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்காமல் தூக்கவும் கூடாது. ஷாக்கைக் கழற்றாமலே தொங்கவிட்டு அளவெடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்படி எடுத்தால் பழைய ஷாக் எவ்வளவு நீளும் என்பதுதான் தெரியுமே தவிர, ஆக்சில் எவ்வளவு இறங்கும் என்பது தெரியாது.

என் ஜீப் நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங் கொண்ட பழைய வண்டி. பின்பட்டைகள் படிந்துபோனதால், வத்தலக்குண்டில் ஒரு பட்டறையில் கொடுத்துப் பழைய உயரத்தைவிட 50 மி.மீ. கூடுதலாக வளைவு ஏற்றியிருந்தேன். கம்பெனி ஷாக்கின் மூடிய நீளம் 305 மி.மீ., திறந்த நீளம் 490 மி.மீ. வளைவு ஏற்றிய மூன்றே மாதத்தில் இரு பின் ஷாக்கும் எண்ணெய் ஒழுகின. வேறொரு பெரிய வண்டிக்கு வரும் ஷாக்கைக் காட்டி, கண்ணும் அதற்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் அப்படியே பொருந்துகின்றன, நீளமும் தாராளமாக இருக்கிறது என்றார் கடைக்காரர். மூடிய நீளம் 345, திறந்த நீளம் 570. மாட்டிய பிறகு காலியாக ஓட்டும்போது வண்டி நன்றாகவே இருந்தது. பூண்டு மூட்டை ஏற்றிய முதல் வாரத்திலேயே பிராக்கெட் போனது.

இனி கணக்குக்கு வருவோம். வளைவு ஏற்றிய பிறகு என் வண்டியின் நிற்கும் அளவு 430 மி.மீ. பம்ப் ஸ்டாப் இடைவெளி 85. ரப்பரின் உயரம் 50. கெட்டி ரப்பர் ஏறத்தாழ பாதி உயரம் வரை நசுங்கும் என்று கொண்டால் 25 சேரும், பஞ்சு போன்ற பாலியூரித்தேன் வகையாக இருந்தால் அதைவிட அதிகம் நசுங்கும். ஆக, ஆக்சில் மேலே வரக்கூடிய தூரம் 110. ஷாக் நேராக நிற்காமல் ஏறத்தாழ 20 டிகிரி சாய்ந்து நிற்பதால் அது சுருங்குவது இதில் 0.94 பங்கு, அதாவது 103 மி.மீ. 430-இல் 103 போக மிஞ்சுவது 327. ஆக்சில் கடைசிவரை மேலே வரும் தருணத்தில் இரு போல்ட்டுகளுக்கும் இடையே இருப்பது இவ்வளவுதான். நான் வாங்கி மாட்டிய ஷாக்கின் மூடிய நீளம் 345. ரப்பர் முதன்முதலாகத் தொடுவது 350-இல். எனவே ரப்பர் தொட்டு வெறும் 5 மி.மீ. நகர்வதற்குள் ஷாக் அடிமுட்டி நின்றிருக்கிறது. பிராக்கெட் எதற்குப் பிய்ந்தது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பாதுகாப்புக்காக இரு பக்கமும் 15 மி.மீ. விட வேண்டும் என்பது என் முடிவு. பம்ப் ஸ்டாப்பைவிடச் சக்கரத்துக்கு அருகில் ஷாக் இருந்தால், ஒரு சக்கரம் மட்டும் பாறையில் ஏறும்போது ஆக்சில் பம்ப் ஸ்டாப்பையே அச்சாகக் கொண்டு சாய்ந்து, ஷாக்கை இன்னும் கொஞ்சம் சுருக்கும் என்பதால் இந்த இடைவெளி ஆடம்பரம் ஆகாது. அப்படியானால் மூடிய நீளம் 312-க்கு மேல் போகக் கூடாது. என் வண்டியின் தொங்கும் அளவு 535, அதனுடன் 15 சேர்த்தால் திறந்த நீளம் 550-க்குக் குறையக் கூடாது. 312-க்கு மூடி 550-க்குத் திறக்கும் ஷாக் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு தேடக் கிளம்பினேன்.

அப்படி ஒரு ஷாக் கிடைக்காது. இருக்கவே முடியாது என்பதுதான் சரி. எந்த ஷாக்கிலும் இரு முனைக் கண்கள், பிஸ்டனின் தடிமன், தண்டை வழிநடத்தும் மேல் மூடி, அடி வால்வு ஆகியவை சேர்ந்து ஓட்டத்துக்கு உதவாத ஒரு நீளத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இதை வீண் நீளம் என்று வைத்துக்கொள்வோம். மூடிய நீளத்திலிருந்து ஓட்டத்தைக் கழித்தால் இது வரும். என் பழைய ஷாக்கில் ஓட்டம் 185, வீண் நீளம் 120. புதிதில் ஓட்டம் 225, வீண் நீளம் அதே 120. வடிவமைப்பைப் பொறுத்து இது கொஞ்சம் கூடலாம், குறையலாம், ஆனால் ஒழிந்துபோகாது. ஆகவே மூடிய நீளத்தைப்போல இரண்டு மடங்கு திறக்கும் ஷாக் சாதாரண வகையில் கிடையாது. 312-க்கு மூட வேண்டும் என்றால் ஓட்டம் 192 தான் கிடைக்கும், திறந்த நீளம் 504-இல் நின்றுவிடும். எனக்கு வேண்டியதற்கு 46 மி.மீ. குறைவு.

கணக்கின் சுவையான இடம் இதுதான். பம்ப் ஸ்டாப்பின் மேல் 25 மி.மீ. இரும்புக் கட்டையை வைத்து அதைக் கீழே இறக்கினால், ஆக்சில் அவ்வளவு தூரம் முன்னதாகவே நிற்கும். மூடிய நீளத்துக்கு 23 மி.மீ. இடம் கிடைக்கிறது, 312 என்பது 335 ஆகிறது. வீண் நீளம் மாறாததால் அந்த 23-ம் முழுதாக ஓட்டத்தில் சேர்ந்து, ஓட்டம் 192-லிருந்து 215 ஆகிறது. திறந்த நீளம் 335-உம் 215-உம் சேர்ந்து 550. மேலே ஒரு பங்கு விட்டுக்கொடுத்தால் கீழே இரண்டு பங்கு கிடைக்கிறது. கடையில் 335-ஐ ஒட்டி மூடி 550-ஐ ஒட்டித் திறக்கும் ஷாக் தேடினால் கிடைக்கும்.

அப்படியானால் ஏற்கெனவே வாங்கிய 345/570 ஷாக்கையே இன்னும் கொஞ்சம் தடித்த கட்டை வைத்துக் காப்பாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். 35 மி.மீ. கட்டை வைத்தால் கணக்குக்குப் பொருந்தும். ஆனால் காலி வண்டியிலேயே இடைவெளி 50-க்கு இறங்கிவிடும். மேல்மலை ஜீப் காலியாக ஓடுவது எத்தனை நாள்?

இணையத்தில் கிடைக்கும் ஆஃப்ரோடு ஆலோசனைகள் மலைக் கிராமத்துக்கு அப்படியே பொருந்தாமல் போவதும் இந்த இடத்தில்தான். விளையாட்டுக்காகப் பாறையேறும் வண்டியில் ஆட்கள் இருவரும் ஒரு கூடுதல் டயரும்தான் சுமை. அங்கே ஆக்சில் எவ்வளவு கீழே தொங்குகிறது என்பதே பெருமை. பூம்பாறைப் பூண்டை மூட்டையாக ஏற்றி வடுகபட்டிச் சந்தைக்கு இறக்கும் ஜீப்பும், தாண்டிக்குடிப் பக்கம் காபியும் சவ்சவ்வும் ஏற்றும் கீழ்மலை ஜீப்பும் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பம்ப் ஸ்டாப்புக்கு அருகிலேயே கழிக்கின்றன. என் வண்டியில் முழுச் சுமை ஏறினால் 85 மி.மீ. இடைவெளி 40-க்குச் சுருங்குகிறது. அதில் 25 மி.மீ. கட்டை வைத்தால் மிஞ்சுவது 15. ஒவ்வொரு பாலத்து மேட்டிலும் ரப்பர் அடிக்கும். எனவே கட்டையோடு சேர்த்து, பட்டைக்கட்டின் அடியில் வளைவில்லாத தட்டையான துணைப் பட்டை ஒன்றும் போட்டேன். காலி வண்டியில் அது சும்மா இருக்கும், சுமை ஏறி மேல் பட்டைகள் படியத் தொடங்கிய பிறகுதான் வேலை செய்யும். சுமையோடு இடைவெளி இப்போது 35-இல் நிற்கிறது. மேலே போவதற்கும் கீழே இறங்குவதற்கும் ஓட்டத்தைப் பாதிப் பாதியாகப் பிரிப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். சுமை ஏற்றும் வண்டிக்கு அந்தப் பாதியைச் சுமை ஏறிய நிலையை மனத்தில் வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து.

சாய்வைப் பற்றியும் ஒரு சொல். 20 டிகிரி வரை சாய்ந்தால் இழப்பு சிறிது. 30 டிகிரியில் ஆக்சில் 100 மி.மீ. நகர்ந்தால் ஷாக் ஏறத்தாழ 87 நகரும், 45 டிகிரியில் 71 தான். நீளம் போதவில்லை என்பதற்காக மேல் பிராக்கெட்டை உள்பக்கம் தள்ளிச் சாய்வைக் கூட்டுகிறவர்கள் உண்டு. குறைந்த ஓட்டம் போதுமானதாகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் சக்கரத்தில் கிடைக்கும் அடக்கும் பலம் அந்த விகிதத்தின் இருமடி அளவில் குறையும். 45 டிகிரியில் பாதி போய்விடும். மூட்டையோடு கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது வண்டி படகாக ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்பக்கம் தனித்தனிச் சக்கர அமைப்பு கொண்ட வண்டிகளில் கணக்கு வேறு. 2010-இல் வந்த பழைய மஹிந்திரா தார் சிஆர்டிஇ-யின் முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் பட்டை. முன் டார்ஷன் பாரின் போல்ட்டை முறுக்கி மூக்கை உயர்த்துவது எல்லோரும் செய்கிற வேலை. அப்படி முறுக்கினால் நிற்கும் உயரம்தான் மாறுகிறது, சக்கரத்தைச் சேஸிஸுடன் இணைக்கும் இரும்புக் கை மேலே போகும் எல்லையும் கீழே இறங்கும் எல்லையும் மாறுவதில்லை. அதனால் பழைய நீள ஷாக்கே சரி. அங்கே நீளமான ஷாக் மாட்டினால், கீழ் எல்லையை ஷாக்கே பிடித்துக்கொண்டிருந்த வண்டியில் கை அளவுக்கு மீறி இறங்கி, ஆக்சில் ஜாயின்ட் தாங்காத கோணத்துக்குப் போய்விடும். 2020-இல் வந்த புதிய தாரில் சுருளும் ஷாக்கும் ஒரே கூட்டாக இருப்பதால் நீளத்தையும் ஸ்பிரிங்கையும் பிரித்து யோசிக்கவே முடியாது, கூட்டாகவே வாங்க வேண்டும். மேலும் இவ்வகை அமைப்பில் ஷாக் கையின் நடுப்பகுதியில் மாட்டப்பட்டிருக்கும். சக்கரம் 100 மி.மீ. ஏறினால் ஷாக் 60 போலத்தான் சுருங்கும், ஆகவே மேல் முனையில் வைக்கும் 25 மி.மீ. கட்டை வண்டியை 40 மி.மீ. உயர்த்திவிடும். இது தெரியாமல் இரண்டு இஞ்ச் வேண்டும் என்று இரண்டு இஞ்ச் கட்டை வைத்துவிட்டுத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேட்லாக்கைப் பார்த்து வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண்ணுக்குக் கண் அளவு எளிது. ஒரு முனையில் கண்ணுக்குப் பதிலாக நேர்த்தண்டு மரை இருந்தால், அளவு தொடங்குவது மரையின் நுனியிலா, வாஷர் உட்காரும் தோளிலா என்பதைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வேறுபாடு 30, 40 மி.மீ. வரை பிழையைக் கொண்டுவரும். நம் முழுக் கணக்கும் 15 மி.மீ. இடைவெளியில் நிற்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

ஷாக் நீண்டால் மற்றவையும் நீள வேண்டும். ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் கம்பியாக விறைத்து நின்றால், அடுத்த பள்ளத்தில் அறுந்துபோகப் போவது அதுதான். மலை இறக்கத்தில் பிரேக் எண்ணெய் ஒழுகுவதைவிட ஷாக் எண்ணெய் ஒழுகுவது எவ்வளவோ மேல். புரொப்பல்லர் ஷாஃப்டின் சறுக்கு இணைப்பில் மிச்சம் இருக்கிறதா, சிலுவை மூட்டு இடிக்காமல் சுற்றுகிறதா என்பதை அதே நிலையில் கையால் சுற்றிப் பார்க்கலாம். இவற்றில் எது முதலில் இழுபடுகிறதோ அதற்கேற்ப, ஆக்சிலையும் சேஸிஸையும் இணைக்கும் ஒரு பெல்ட்டைக் கட்டித் தொங்கும் அளவைக் குறைத்துவிடுவதும் நேர்மையான தீர்வுதான். இரும்புச் சங்கிலி வேண்டாம், அது வெட்டி நிறுத்தும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. தேய்ந்த ஷாக்கை மாற்றுவதில் சிக்கல் இல்லை, உயரத்தையும் டயரையும் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மாட்டிய பிறகு கணக்கு சரியா என்று காட்ட ஒரு கைப்பிடிக் களிமண் போதும். என் மெக்கானிக், "அண்ணே, டேப்பு பொய் சொல்லும், மண்ணு சொல்லாது" என்றபடி ஈரக் களிமண்ணை உருட்டிப் பம்ப் ஸ்டாப்பின் நுனியில் கோபுரமாக ஒட்டினார். ஷாக்கின் தண்டு தெரியும் வகையாக இருந்தால் அதில் ஒரு கேபிள் டை கட்டித் தள்ளிவிடுவதும் உண்டு, எங்கள் ஷாக்கில் தூசி மூடி இருந்ததால் அந்த வழி இல்லை. சுமையோடு வண்டியைத் தோட்டத்து வரப்பில் ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்படி மெதுவாக ஏற்றி இறக்கினோம். களிமண் தட்டையாக நசுங்கி, ஆக்சிலின் மேல் அதன் வட்டத் தடம் பதிந்திருந்தது. அதாவது ரப்பர் தன் வேலையைச் செய்திருக்கிறது, ஷாக் முந்திக்கொள்ளவில்லை. மண் நசுங்காமல் இருக்க, உள்ளே டங் என்று சத்தம் மட்டும் கேட்டிருந்தால் மூடிய நீளம் இன்னும் அதிகம் என்று பொருள். இந்தச் சோதனையை வெயில் ஏறிய பிறகு செய்வது நல்லது. ஜனவரி மாத உறைபனிக் காலையில் எண்ணெய் தடித்துக் கிடக்கும்போது எந்த ஷாக்கும் இறுகித்தான் இருக்கும், அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

கண்களில் உள்ள ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளை வண்டி தொங்கும் நிலையில் இறுக்கிவிடக் கூடாது. அப்படி இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். நான்கு சக்கரமும் தரையில் அழுந்தி, வண்டி தன் எடையில் நின்ற பிறகு கடைசி இறுக்கத்தைக் கொடுத்தோம். வடுகபட்டிக்கு இரண்டு நடை போய் வந்தபின் ஸ்பேனர் வைத்துப் பார்த்ததில் கீழ் நட்டு மட்டும் கால் சுற்று வாங்கியது.